மடிக்கணினி உறைதலும் நினைவகப் பொருத்தமும்

சென்ற ஆடித் திங்களில், எம் விடுதித் தோழர் ஒருவர் கொங்குவேளிரின் பெருங்கதையைப்பற்றிக் கட்டுரையொன்று வரைந்துகொண்டிருந்தார். அப்பெருநூலின் முதலும் இறுதியும் இன்று நமக்குக் கிட்டவில்லை என்பதனை அன்பர்கள் அறிவர். தோழரின் கட்டுரையும் அக்கதியே எய்திற்று. ஓரிரவு முழுதும் எழுதியதனைச் சேமிக்குமுன் மடிக்கணினி உறைந்து நின்றது.

அவர்தம் தந்தையார் பவானியில் ஜமக்காளம் நெய்பவர். அவர் அனுப்பிய பணத்தைக் கொண்டு, முன்னிருந்த 4 ஜிபி நினைவகத்தோடு மற்றொரு 4 ஜிபி துண்டினைக் கடையில் வாங்கிப் பூட்டிய மறுநாளே இந்நோய் தோன்றிற்று. வேறு கணினி வாங்குதலே தக்கது என்றனர் சிலர். அதற்குப் பொருள் ஏது? ஆதலின், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து செய்க என வள்ளுவர் மருத்துவர்க்குரைத்த நெறியை யாம் மேற்கொண்டோம்.

நினைவகமாவது, கணினி தன் தொழிலுக்கு வேண்டுவனவற்றை அப்போதைக்கு வைத்துக்கொள்ளும் இடம். அதன்கண் ஒவ்வொரு செய்தித்துளியும் மிகச் சிறிய மின்னேற்றமாக நிற்கும். கசியும் குடத்தில் ஓயாது நீர் வார்ப்பதுபோல, அவ்வேற்றத்தை ஏறத்தாழ 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். அதில் ஒரு துளி பிறழினும் கணினி தடுமாறி நின்றுவிடக்கூடும்.

முதற்கண் கணினியை அணைத்து, மின்கம்பியையும் மின்கலத்தையும் கழற்றினோம். உடலில் தங்கும் நிலைமின்சாரம் துண்டினைக் கெடுக்குமாதலின், உலோகமொன்றைத் தொட்ட பின்னரே அதனைக் கையிலெடுத்தோம். இரண்டையும் கழற்றி மீண்டும் அழுந்தப் பொருத்தியும் உறைதல் நீங்கவில்லை. பின்னர்ப் பழைய துண்டினை மட்டும் வைத்து, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்னும் இலவச மென்பொருளால் இரவு முழுதும் சோதித்தோம், பிழை ஒன்றுமில்லை. அதே பொருத்துவாயில் புதியதனை வைத்தவுடன் பிழைகள் பல தோன்றின. ஆகவே வாயிலும் குற்றமில்லை.

அவ்வாறாயின் புதிய துண்டு பழுதுடையதோ? வேறொரு பழைய கணினியில் இட்டபோது அது செவ்வனே இயங்கிற்று! ஈண்டே உண்மை விளங்கிற்று. பழையதன் சீட்டில் 'பிசி3எல்' என்றும், புதியதன் சீட்டில் 'பிசி3' என்றும் பொறித்திருந்தன. முன்னது 1.35 வோல்ட்டில் இயங்குவது, பின்னதற்கு 1.5 வோல்ட் வேண்டும். தோழரின் கணினியோ 1.35 வோல்ட்டே அளிப்பது. இரு வகைக்கும் முனைகள் 204; இடைவெட்டும் ஒன்றே. ஆதலின் தவறான துண்டும் தடையின்றிப் புகுந்தது. 260 முனைகளையுடைய டிடிஆர்4 வகையாயின் வாயிலிலேயே தடைப்பட்டிருக்கும். புகாதது தீங்கன்று, புகுந்தும் பொருந்தாததே தீங்கு.

கடைக்காரர் துண்டினை மாற்றித் தந்தார், உறைதல் ஒழிந்தது. கட்டுரையும் புதிதாக எழுதப்பெற்றது.

தனித்தனியே பிழையின்றி இயங்கும் துண்டுகள் கூடியவிடத்துப் பிழைபடின், அவற்றின் வேகத்தை ஒப்பிட்டு நோக்குக; பயாஸ் மென்பொருளையும் புதுப்பிக்க. நினைவகம் முற்றும் குற்றமற்றதாயின் வெப்பத்தையும் வன்தட்டையும் ஆராய்க. ஒரு வேளையில் ஒன்றனையே மாற்றுக; இரண்டினை ஒருங்கே மாற்றின் காரணம் புலப்படாது. வாங்குமுன் பழைய துண்டின் சீட்டினைப் படித்தல் எல்லாவற்றினும் நன்று. எழுதியதனை அவ்வப்போது சேமித்தலையும் மறவற்க.