சுயேச்சை கட்சியில் சேரக் கூடாது, ஆதரவு தரலாம்

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் நெருங்க நெருங்க, காரைக்கால் வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றி எழுதிக் கேட்கிறார்கள்: நெடுங்காடு தொடங்கி நிரவி-திருமலைராயன்பட்டினம் வரை ஐந்து தொகுதியிலும் சுயேச்சைகளையே ஜெயிக்க வைத்தால் கட்சித் தொல்லை ஒழியாதா? வெறும் கனவு என்று தள்ள முடியாது. 2021-இல் திருநள்ளாறு ஒரு சுயேச்சையைத்தான் தேர்ந்தெடுத்தது. புதுச்சேரி முழுக்க ஆறு பேர். அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது.

1985-இல் கட்சித் தாவலைத் தடுக்க அரசியல் சட்டத்தில் வந்த பத்தாவது அட்டவணைப்படி, சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி பறிபோகும். வாக்காளரை ஏமாற்றக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் தடை, சேர்வதற்கு மட்டும்தான். வெளியிலிருந்து ஆதரவு தந்தால் அது சேர்ந்ததாகாது. சேர்ந்தாரா இல்லையா என்று முடிவு செய்பவரோ பேரவைத் தலைவர், அதாவது பெரும்பான்மையின் ஆள். கட்சி உறுப்பினரைக் கொறடா உத்தரவு கட்டிப்போடும். சுயேச்சைக்கு அந்தக் கட்டும் இல்லை. ஆகவே இழுபறிச் சபையில் அவருக்குத்தான் கிராக்கி. 2021-இல் என்.ஆர். காங்கிரசுக்கு 10 இடம், பா.ஜ.க.வுக்கு 6. மத்திய அரசு நியமித்த 3 பேர், ஆதரவு தெரிவித்த சுயேச்சைகள் 3 பேர் என்று சேர்ந்ததும் 6 என்பது சில நாளில் 12 ஆயிற்று. இதில் வேடிக்கை, மக்கள் ஓட்டே போடாத நியமன உறுப்பினர் ஆறு மாதத்துக்குள் கட்சியில் சேரலாம். மக்கள் தேர்ந்தெடுத்த சுயேச்சை சேரக் கூடாது.

எல்லோருமே சுயேச்சையானால் பேரம் பேசக் கட்சியே இருக்காதே என்பார்கள். ஆனால் நியமனத்தோடு சேர்த்து 33 பேர் உள்ள சபையில் ஆட்சி நடத்த 17 பேர் ஒன்றாக நிற்க வேண்டும். அந்தப் பதினேழு பேரும் பெயர் வைக்காத ஒரு கட்சிதான். தேர்தல் அறிக்கையும் கிடையாது, அடுத்த முறை தோற்கடிக்கச் சின்னமும் கிடையாது. பக்கத்துத் தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல்தானே நடக்கிறது என்றால், நடக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும், ஆதிக்க சாதி எதிர்ப்பால் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடக்காமல் போனதும் அதே ஏற்பாட்டில்தான். கட்சி விட்டுப்போன நாற்காலியில் சாதி உட்கார்ந்துகொண்டது.

1959-இல் கட்சியில்லா ஜனநாயகம் பேசிய ஜெயப்பிரகாஷ் நாராயண் கேட்டது சுயேச்சைகளை அல்ல. கிராம சபையிலிருந்து மேல்நோக்கி எழும் அமைப்பை. (1977-இல் அவரே ஜனதா கட்சி உருவாகத் துணை நின்றார்.) புதுச்சேரியிலோ அந்த அடித்தளமே இல்லை: 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். 2011-இல் அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் முடிந்த பின் கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே நடத்தினார்கள். ஆட்சிக்கு வந்த கட்சி எதுவும் மறுபடி தேர்தல் நடத்த அவசரப்பட்டதில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: சுயேச்சைக்கு முன்மொழிபவர் பத்துப் பேர் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் சுயேச்சைகளின் பெயர் கட்சிக்காரர்களுக்கு அடுத்துத்தான் வரும். நோட்டா அதிக ஓட்டு வாங்கினாலும் அடுத்த இடத்தில் இருப்பவர் ஜெயித்தவரே.