ஐந்தாவது வாரம்

காய்ச்சல் விட்டுவிட்டது. வெளிறிக் கிடந்த முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறது. ஒரு மாதமாகத் தூக்கிச் சுமந்த பிள்ளை வார்டு வராந்தாவில் ஓடுகிறது, இட்லி வேண்டும் என்று அடம் பிடிக்கிறது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் ஐந்தாவது வாரத்தில் பல பெற்றோர் மருத்துவரிடம் கேட்பது இதைத்தான்: “அதான் சரியாயிடுச்சே டாக்டர், ஊருக்குப் போகலாம்ல?”

கேள்வி நியாயமானது. பதில்தான் கசப்பு. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் புற்றுநோய், அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா. முதல் மாத மருந்திலேயே பெரும்பாலான குழந்தைகளுக்குப் புற்றுச் செல்கள் நுண்ணோக்கியின் கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிடும். ஒளிந்திருக்கும் மிச்சத்தைத் துடைத்தெடுக்கத்தான் இரண்டு முதல் மூன்று ஆண்டு ஆகிறது. தொடக்க மாதங்களில் ஊசியும் அட்மிஷனும். பிறகு நீண்ட காலம் மாத்திரை. நடுவில் விட்டால் நோய் திரும்பிவரும். திரும்பி வந்ததை அடக்குவது முன்னைவிடக் கடினம்.

ஊசி போடும் நாளில் மட்டும் ஊரிலிருந்து வந்து போனால் என்ன? தொடக்க மாதங்களில் அது நடக்காது. கீமோ மருந்து புற்றுச் செல்களோடு சேர்த்து, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் வீழ்த்துகிறது. ‘கவுன்ட் இறங்கிடுச்சு’ என்பார்கள் வார்டில். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக மருந்து ஏற வேண்டும். ஊர் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தால் பிள்ளை ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடலாம். ஆகவே, பக்கத்திலேயே தங்க வேண்டும். தங்குமிடத்தில் சுத்தமான தண்ணீர் வேண்டும், அப்போதே சமைத்த சூடான சாப்பாடு வேண்டும், கூட்டம் கூடாது. வாசலில் விற்கும் வெட்டிய பழம்கூட இந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

தினக்கூலிக்குப் போகும் அப்பா வேலையை விட்டால்தான் கூட இருக்க முடியும். அம்மா வார்டை விட்டு நகர முடியாது. ஆடு, நகை, கடைசியில் நிலம் என்று ஒவ்வொன்றாகக் கைமாறும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால், அறை வாடகையும் ஆட்டோ கட்டணமும் இழந்த கூலியும் எந்த பில்லிலும் ஏறுவதில்லை.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை. தாமதமாகக் கண்டறிவது, மருந்து கிடைக்காதது போன்ற காரணங்களோடு, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதையும் அந்த நிறுவனம் பட்டியலில் வைக்கிறது. தொடர்ந்து நான்கு வாரம் சிகிச்சைக்கு வராமல் போனாலே ‘கைவிடல்’ என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

மும்பை பரேலில் 1941-ல் தொடங்கிய டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். இடம் கிடைக்காதவர்கள் எதிர் நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்புக் கட்டிப் படுப்பது பல ஆண்டுகளாக அந்தத் தெருவின் காட்சி. கவுன்ட் இறங்கிய குழந்தைகளும் அங்கே படுத்திருக்கிறார்கள். 2006-ல், பெருநிறுவனப் பணியில் உயர்பதவி வகித்த நிஹால் கவிரத்னேயும் அவருடைய மனைவி ஷியாமாவும் இதற்காகவே செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு ஒரு தடுப்பறை, கட்டில், அலமாரி. பொதுச் சமையலறையில் ஆளுக்கொரு அடுப்பு. வாடகை கிடையாது. இன்று சென்னை, வேலூர் உட்படப் பல நகரங்களில் இந்த மையங்கள் இருக்கின்றன.

சமைத்தே போட்டுவிடாமல் அடுப்பைக் கொடுத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கீமோவில் நாக்கு கெட்டுப்போன பிள்ளை அம்மா கையால் செய்ததைத்தான் இரண்டு வாயாவது வாங்கும். அம்மாவுக்கும் நாள் முழுக்கக் காத்திருப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. பக்கத்து அடுப்பில் நிற்பவள் வேறு மொழிக்காரியாக இருந்தாலும், ‘எங்களுக்கு இது ஆறாவது மாதம்’ என்று விரல் விட்டுக் காட்ட மொழி தேவையில்லை.

இந்த யோசனைக்கு ஒரு மூத்த உறவு உண்டு. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃபிரெட் ஹில்லின் மகள் கிம்முக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, பெற்றோர் ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் காத்துக் கிடந்து, இயந்திரத்தில் விற்கும் பண்டத்தைச் சாப்பிட்டார்கள். பேர் பெற்ற விளையாட்டு வீரருக்கே அந்த நிலை. குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸ் கேட்ட உதவி புதுக் கருவியோ மருந்தோ அல்ல. குடும்பங்கள் தங்க ஒரு வீடு. ஹில் விளையாடிய அணியும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களும் பணம் திரட்ட, 1974-ல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் ‘ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ்’ திறக்கப்பட்டது. இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த அமைப்பு இயங்குகிறது.

டாடா மெமோரியலின் குழந்தைகள் பிரிவு இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது. பணம், தங்குமிடம், சத்துணவு, மனநல ஆலோசனை எல்லாவற்றையும் ‘இம்பாக்ட்’ என்ற ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. குறித்த நாளில் பிள்ளை வரவில்லையென்றால் சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போன் செய்வார். டிக்கெட் பணமா, அறுவடையா, வீட்டில் இன்னொருவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டு, வழிசெய்து திரும்ப வரவழைப்பார். 2009 வாக்கில் ஐந்தில் ஒரு குழந்தை சிகிச்சையைக் கைவிட்ட இடத்தில், சில ஆண்டுகளில் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். இது தெரியாமல் கடன் வாங்கி டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. ரத்தத் தட்டணுக்களை ஐந்து நாள் வரைதான் சேமித்து வைக்க முடியும் என்பதால் கொடையாளர்கள் மாறி மாறி வேண்டும். நான்கு பேருக்குப் போன் போட்டு ஆள் திரட்டும் வேலையை அம்மாவின் தலையிலிருந்து ஒரு சித்தப்பா வாங்கிக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

பாட்டி வீட்டில் விடப்பட்ட மூத்த பிள்ளையைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். தம்பிக்கு என்ன என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. தன்னால்தான் வந்ததோ என்று அவள் பயந்துகொண்டிருப்பாள். பள்ளியில் மதிப்பெண் சரியும். தம்பிக்கு நோய் திரும்பி, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால், பொருந்துமா என்று முதலில் அவளிடமிருந்துதான் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு.