முதலில் தோட்டா, பிறகு துப்பாக்கி

முந்திரிப் பருப்பில் 180, 240, 320 என்று ரகங்கள் இருப்பதை நமது மளிகை வணிக அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கிறது என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். கடைக்குப் புதிதாக வந்த பையன், எண் பெரிதாக இருப்பதால் 320தான் உயர்ந்த ரகம் என்று நினைத்துக்கொண்டு ஏச்சு வாங்குவதும் உண்டு.

இதே கணக்கு சற்றும் எதிர்பாராத இன்னொரு சரக்கிலும் இருக்கிறது. ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கியின் குழல் அளவை இப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக இறங்குமோ அது 12 போர். விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ. 20 உருண்டைகளாக்கினால் அது 20 போர். குழலும் அதற்கேற்பச் சிறியது. ஆக, பெரிய எண்ணைக் கேட்பவர் சிறிய சரக்கைத்தான் வாங்கிச் செல்வார்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்குக்காகப் பறவைகளைச் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமும் வேண்டும். எனவே யாரையும் வாங்கத் தூண்டுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது சிற்றூர்க் கடைகள் வரை பரவியிருக்கும் ஒரு சில்லறை வியாபாரம். அங்கே ஒரு வாடிக்கையாளர் வந்து நின்று, "வார இறுதியில் தட்டு சுட வேண்டும், பருவத்தில் வாத்து வேட்டைக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வது? இந்தக் கேள்வியில் எந்த வணிகருக்கும் பழக்கமான சங்கடம் இருக்கிறது.

தட்டு என்பது எந்திரத்தால் வானில் வீசி எறியப்படும் சிறிய வட்டில். அது பறக்கையில் சுட்டு உடைக்க வேண்டும். முன்பு உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1880இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணில் வட்டில் செய்தார். களிமண் புறா என்ற பெயர் இன்றும் நிற்கிறது. ஆனால் இப்போதைய சரக்கில் களிமண் கிடையாது, சுண்ணாம்புக்கல் தூளும் கீலும்தான். பெயர் ஒன்று, சரக்கு வேறு. நம் கடைவீதியில் இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை!

ஓர் ஆட்டத்துக்கு 25 தோட்டா. நாலு ஆட்டம் ஆடினால் 100. இதற்கு லேசான தோட்டா போதும். 24 முதல் 28 கிராம் ரவை இருக்கும். வாத்து, பெருவாத்து வேட்டைக்கோ 35 கிராமும் அதற்கு மேலும் ரவை கொண்ட கனத்த தோட்டா வேண்டும். ஆனால் ஒரு நாளில் சுடுவது சில தோட்டாக்கள்தான். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. கையால் திறந்து, கையால் போட்டு மூடுவதுதானே. அரைத் தானியங்கி அப்படியல்ல. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு வேட்டு. வெற்று உறையை வெளியே எறிவதும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதும் துப்பாக்கியே செய்துகொள்ளும் வேலை. அதற்கு வேண்டிய சக்தி வெடித்த தோட்டாவிலிருந்தே வருகிறது. தோட்டா லேசானால் கூலி குறைகிறது. கூலி குறைந்தால் வேலைக்காரன் பாதியில் நின்றுவிடுகிறான்.

இதை முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆக்டன் என்ற ஊரில், தம்பிமாரோடு துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஜான் பிரௌனிங். 1883இல் வின்செஸ்டர் கம்பெனி அவருடைய ஒரு வடிவமைப்பை 8,000 டாலருக்கு மொத்தமாக வாங்கியது. அது முதல் 19 ஆண்டுகள் இதே வழக்கம்தான். அவர் வடிவமைப்பார், கம்பெனி மொத்தத் தொகை கொடுத்து உரிமையை எடுத்துக்கொள்ளும். அரைத் தானியங்கி ரவைத் துப்பாக்கி உருவானதும், இதற்கு மொத்தத் தொகை வேண்டாம், விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்கு வேண்டும் என்றார் பிரௌனிங். கம்பெனித் தலைவர் பென்னட் மறுத்துவிட்டார்.

பிரௌனிங் அடுத்து ரெமிங்டன் கம்பெனியின் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைப் பார்க்கப் போனார். நாள் 1902 ஜனவரி 8. அலுவலகத்தில் காத்திருந்த போதே ஹார்ட்லி மாரடைப்பால் இறந்த செய்தி வந்தது என்று பிரௌனிங் குடும்பத்தார் எழுதிய வரலாறு சொல்கிறது. அவர் மனம் தளரவில்லை. கப்பலேறி பெல்ஜியம் சென்று, லியேஜ் நகரத்தை அடுத்த எஃப்.என். தொழிற்சாலையோடு பங்கு முறையில் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆட்டோ-5 என்று பெயர் பெற்ற அந்தத் துப்பாக்கி 1998 வரை உற்பத்தியில் இருந்தது. பிற்பாடு ரெமிங்டனும் உரிமம் பெற்று அதைச் செய்தது.

வின்செஸ்டர் பட்ட பாடுதான் நாம் இங்கே நின்று பார்க்க வேண்டியது. ஆட்டோ-5 துப்பாக்கியின் காப்புரிமைப் பத்திரத்தை எழுத உதவியவர்கள் வின்செஸ்டரின் வழக்கறிஞர்களே. ஓட்டை ஒடிசல் இல்லாமல் அவ்வளவு இறுக்கமாக எழுதியிருந்தார்கள். 1911இல் சொந்தமாக ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, தோட்டாவை ஏற்ற இழுக்கும் பக்கவாட்டுக் கைப்பிடியைக்கூட வின்செஸ்டரால் வைக்க முடியவில்லை. குழலையே பிடித்துப் பின்னுக்குத் தள்ளித்தான் முதல் தோட்டாவை ஏற்ற வேண்டும். அக்காலத் தோட்டாக்களின் உறை காகிதம். ஈரத்தில் உப்பிச் சிக்கிக்கொள்ளும். அப்போது சிலர் கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் வாயைத் தம் முகத்துக்கு நேரே வைத்து அழுத்தினார்கள். வெடித்துவிட்டது. விதவையாக்கும் துப்பாக்கி என்று அதற்குப் பெயரே விழுந்தது. 1925இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பங்கு கொடுக்க மனம் வராததன் விலையில் ஒரு பகுதியை, கடையில் நம்பி வாங்கிய வாடிக்கையாளர் கட்டியிருக்கிறார்.

ஆட்டோ-5இல் தோட்டாவுக்குத் தக்கபடி சில வளையங்களை மாற்றிப் போட வேண்டும். லேசான தோட்டாவுக்கு வைத்த அமைப்பில் கனத்த தோட்டாவைச் சுட்டால் துப்பாக்கிக்கே அடி. கட்டை விரிசல் விடும். பழைய ஆட்டோ-5 வாங்குபவர் முதலில் பார்ப்பது இதைத்தான். பின்னர் வந்தவை இரண்டு முறைகள். ஒன்று வாயு முறை. குழலிலிருந்து கொஞ்சம் வாயுவைத் திருப்பிவிட்டு, அதைக் கொண்டு இயங்குவது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இதற்குப் பேர்போனது. இத்தாலியின் பெரெட்டா ஏ400 வகையும் இதுவே. தோளில் உதை குறைவு. ஆனால் கரி படியும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றொன்று, இத்தாலியின் பெனெல்லி கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்த நிலைம முறை. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது கனத்த உட்பாகம் தன் இடத்தில் நிற்கப் பார்க்கிறது. அதனால் அமுங்கும் ஒரு சுருள்வில்தான் வேலையைச் செய்கிறது. கரி உள்ளே வராது, எடையும் குறைவு. ஆனால் தோளில் உதை அதிகம்; மிக லேசான தோட்டாவில் சில துப்பாக்கிகள் முரண்டு பிடிக்கும்.

எனவே நமது சிற்றூர்க் கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டும் முன் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "ஆண்டுக்கு எந்தத் தோட்டா எத்தனை சுடுவீர்கள்?" வாரம் 100 தட்டு என்றால் ஆண்டுக்கு 5,000க்கு மேல், 250 கொண்ட பெட்டியில் இருபதுக்கும் மேலே. அவருக்கு வாயு முறை, 3.5 கிலோவுக்குக் குறையாத எடை, 30 அங்குலக் குழல். கனமான துப்பாக்கி உதையை வாங்கிக்கொள்ளும், வீச்சும் சீராக ஓடும். மாறாக, சேற்றிலும் மழையிலும் நாள் முழுக்க நடந்து பத்து வேட்டு வைப்பவருக்கு 3 கிலோவை ஒட்டிய நிலைம முறை, 26 அல்லது 28 அங்குலம். இரண்டும் வேண்டும் என்பவர், எதை அதிகம் சுடுகிறாரோ அதற்கு வாங்குவதே நல்லது என்பது நமது எண்ணம். தட்டு அதிகம் என்றால் வாயு முறையை எடுத்துக்கொண்டு வேட்டையில் சற்றுப் பாரம் சுமக்கலாம்; நூறு உதை வாங்கிய தோள் மறுவாரம் மைதானத்துக்கே வராது.

பிறகு அளவு. துப்பாக்கியும் செருப்பு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றிக் கண்ணைத் திறந்தால், பார்வை குழலின் மேல் நேராக ஓட வேண்டும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் கட்டை நீளமோ தாழ்வோ சரியில்லை. இப்போது பலவற்றில் கட்டைக்கு இடையில் வைத்துச் சரிசெய்யத் தகடுகள் வருகின்றன. அதைச் செய்து கொடுக்காமல் பொட்டலம் கட்டும் கடைக்காரருக்கு அந்த வாடிக்கையாளர் மறுபடி வர மாட்டார்.

பழைய துப்பாக்கி விற்பவர் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈய ரவையை விழுங்கும் நீர்ப்பறவைகள் விஷமேறிச் சாவதால், 1991 முதல் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை. எஃகு ரவை கடினம். வாய் குறுகிய பழைய குழல் சிலவற்றைக் கெடுத்துவிடும். இடம்பெயரும் பறவைகளைச் சுடும்போது பொதுவாக 3 தோட்டாக்களுக்கு மேல் துப்பாக்கியில் இருக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம். அதற்காக உள்ளே ஒரு மரக்கட்டையோ பிளாஸ்டிக் துண்டோ செருகி வைப்பார்கள்.

மைதானத்தில் இரட்டைக்குழல்காரர் துப்பாக்கியை மடித்துத் தொங்கவிட்டால், அது காலி என்று தூரத்திலிருந்தே தெரியும். அரைத் தானியங்கி மடியாது. அதனால்தான் பக்கத்தில் நிற்பவர்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். உட்பாகத்தைத் திறந்தே வைத்து, தோட்டா அறை காலி என்று தெரிய வண்ணக் கொடி ஒன்றைச் செருகிக்கொண்டு நடப்பது அங்கே பல இடங்களில் வழக்கம். சில பைசாச் சரக்கு அது. துப்பாக்கியோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.