ஒரு திரையில் இரு நாயகர்



ஆஸ்டின் டவுனில் நம் பேரப்பிள்ளைகள் கொண்டாடும் திரை வீரர்களின் பெயர்கள் முதியோர் நாவில் எளிதில் நுழைவதில்லை. அயர்ன் மேன், ஹல்க், தோர், கேப்டன் அமெரிக்கா என்னும் அந்த அதிமானுடர்களை 2012-ஆம் ஆண்டில் 'அவெஞ்சர்ஸ்' படத்தில் ஒன்றுகூட்டினார்கள் அமெரிக்கர். அதற்கு முன்னரே, 2008 முதல் ஐந்து படங்கள் எடுத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே மக்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

தனித்தனி நாயகர்களை ஒரு கதைக்குள் அடக்கும் இச்சங்கடம் நமக்குப் புதிதன்று. 1954 ஆகஸ்டில் டி. ஆர். ராமண்ணாவின் 'கூண்டுக்கிளி' வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சேர்ந்து நடித்த ஒரே படம் அதுதான். கதை எழுதியவர் விந்தன். நண்பன் சிறையில் இருக்க, அவன் மனைவியின்மீது ஆசைகொள்ளும் ஜீவாவாகச் சிவாஜி வந்தார். சிறைப்பட்ட நண்பன் எம்.ஜி.ஆர். படம் தோற்றது.

சிவாஜிக்குத் தீய பாத்திரம் புதிதா? அன்று, அதே ஆண்டு 'அந்த நாள்' படத்தில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவராகவே நடித்திருந்தார். ஆனால் அங்கே எதிரே எம்.ஜி.ஆர். இல்லை! முந்தைய மாதந்தான் 'மலைக்கள்ளன்' கண்டு மகிழ்ந்தவர்கள், தம் தலைவர் சிறையில் வாட, கதை வேறொருவரைச் சுற்றிச் சுழல்வதை எங்ஙனம் பொறுப்பர்? சிவாஜியின் அன்பர்களுக்கோ, அவர் எம்.ஜி.ஆருக்குத் துரோகியாக நிற்பது கசந்திருக்கும். மறு ஆண்டே ராமண்ணா எம்.ஜி.ஆரை மட்டும் நாயகராக்கி எடுத்த 'குலேபகாவலி' வென்றது.

அமெரிக்காவில் வீரம் பாத்திரத்துக்கு உரியது. பாத்திரம் கம்பெனிக்கு உரியது. அந்த ஐந்து படங்களுள் ஹல்க்காக நடித்தவர் எட்வர்ட் நார்ட்டன். 'அவெஞ்சர்ஸ்' படத்தில் வந்தவர் மார்க் ரஃபலோ. எவரும் கலகம் செய்யவில்லை. மேலும், வானிலிருந்து ஒரு பகைப்படையை இறக்கிவிட்டதால், வீரர்கள் தமக்குள் பூசலிட்டாலும் முடிவில் தோற்கவேண்டியவர் அவர்களுள் எவருமில்லை. நம் நாட்டிலோ நடிகரே நாயகர். பாத்திரத்தின் பெயரை நினைவு வைப்போர் சிலரே. இருவர் மோதினால், ஒருவருடைய அன்பர்கள் வருந்தியே வீடு திரும்பவேண்டும்.

நாம் குடியேறிய கன்னட நாட்டிலும் இக்கதை உண்டு. 1973-இல் வந்த 'கந்தத குடி' படத்தில் ராஜ்குமார் காட்டைக் காக்கும் அதிகாரி. முந்தைய ஆண்டு 'நாகரஹாவு' படத்தால் புகழ்பெற்ற விஷ்ணுவர்த்தன் அவரை எதிர்ப்பவர். பின்னர் அண்ணன் தம்பியென அறிகிறார்கள். கதாசிரியர் கண்ட சமரச வழி அது. படம் பெருவெற்றி பெற்றது. எனினும், ராஜ்குமார் 2006-இல் மறையும்வரை அவ்விருவரும் மீண்டும் ஒரு படத்தில் சேர்ந்து நடிக்கவேயில்லை.