இரத்மலானை எலும்பும் எக்ஸ்பிரஸ் பேர்ளும்

1963 சனவரி 26ஆம் திகதி இரத்மலானைக் கரையில் ஒரு பெண் திமிங்கிலம் ஒதுங்கியது. நாலரை மீற்றர் நீளம், நீலம் கலந்த சாம்பல் நிறம், முன்னுக்கு நீண்ட கூரான அலகு. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் தெகிவளையும் கல்கிசையும் தாண்டி வரும் ஊர் இரத்மலானை. கொழும்புத் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக நெடுங்காலம் இருந்த பி. ஈ. பி. தெரணியகல அந்த உடலை அளந்து, விவரம் எழுதி, எலும்பை எடுத்து வைத்தார். விஞ்ஞானம் அதுவரை அறியாத இனம் இது என்று சொல்லி மெசோப்ளோடன் ஹோதவுல என்று பெயரும் இட்டார்.

மற்ற அறிஞர்கள் ஏற்கவில்லை. யப்பானில் 1958இல் பெயரிடப்பட்ட வேறோர் இனத்தோடு சில ஆண்டுகளிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். 2014இல்தான் கணக்குத் தீர்ந்தது. இரத்மலானை எலும்பின் மரபணுவை மாலைதீவு, சீசெல்ஸ், பசிபிக் தீவுகளில் கிடைத்த எலும்புகளின் மரபணுவோடு ஒப்பிட்டபோது தெரணியகல சொன்னதே சரி என்றாயிற்று. மரபணுவை வைத்து இனம் பிரிக்கும் சோதனை 1963இல் இல்லை. அப்படி ஒன்று வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவும் முடியாது. எலும்பைக் கவனமாக வைத்துவிட்டுப் போனார். அரை நூற்றாண்டு கழித்து வந்த கேள்விக்கு அதிலிருந்தே விடை கிடைத்தது.

அந்நாளில் கரையொதுங்கிய திமிங்கிலம் என்றால் அளவும் பெயரும் எலும்புக்கூடும்தான். 1894இல் அம்பலாங்கொடைக் கரையில் ஒதுங்கிய நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கொழும்பு நூதனசாலைக்கு வந்தது. அதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வரிசையில் போயிருக்கிறார்கள். அதன் ஈரலில் என்ன இருந்தது என்று கேட்க அன்று யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

காரணம் யப்பானிலிருந்து வந்தது. மினமாட்டா விரிகுடாவில் ஒரு இரசாயன ஆலை விட்ட பாதரசக் கழிவு மீனுக்குள் போய், மீன் தின்ற பூனைகளுக்கும் மனிதர்களுக்கும் நரம்பு நோயாகத் திரும்பியது. 1956இல் அந்த நோய் முதன்முதலாக முறைப்படி பதிவாயிற்று. அந்த ஆலைக் கழிவில் மெதைல் பாதரசம் இருந்தது. மற்ற இடங்களில் கடலுக்குள் போகும் சாதாரணப் பாதரசத்தை நுண்ணுயிர்கள் அதே மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த வடிவம் உடலுக்குள் எளிதில் போகும், எளிதில் வெளியேறாது. நுண்பாசியில் அணுவளவு, அதைத் தின்னும் சிறு இறாலில் இன்னும் கொஞ்சம், சாளையில் அதைவிடக் கூட, சூரையில் பல மடங்கு என்று படிப்படியாக ஏறும். சூரைக்கும் மேல்படியில் இருக்கிறது டொல்பின். நமது மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். இருபது, முப்பது வருடம் உயிரோடிருந்து, ஒவ்வொரு நாளும் மீனும் கணவாயும் தின்று, தின்றதில் இருந்த உலோகத்தைத் தன் உடலிலேயே சேர்த்துக்கொண்டு போகும் உயிர் அது. வாளியில் அள்ளிய கடல்நீர் அந்த ஒரு நிமிடத்துக் கதையைத்தான் சொல்லும். ஓங்கிலின் உடலில் பல வருடக் கணக்கு இருக்கிறது.

எந்த உறுப்பில் எது தங்கும் என்பதும் இன்று தெரியும். பாதரசம் ஈரலில் தங்குகிறது. அங்கே அது செலீனியத்தோடு சேர்ந்து கரையாத நுண் மணிகளாக உறைந்துவிடும். வயதான பல்திமிங்கிலங்களின் ஈரல் திசுவை நுணுக்குக்காட்டியில் வைத்தால் அந்தக் கரிய மணிகளைக் காணலாம். விஷத்தைக் கட்டிப்போட அந்த உடல் கண்டுபிடித்த வழி இது. கட்மியம் சிறுநீரகத்தில் சேரும். கணவாய் தின்னும் இனங்களில் அது இயல்பாகவே கூட இருக்கும். ஈயம் எலும்பில் படியும். பல்லை நெடுக்காக அறுத்து மினுக்கினால், மரத்தின் வளையம் மாதிரி, வருடத்துக்கு ஒன்றாக அடுக்குகள் தெரியும். அவற்றை எண்ணி வயதைக் கண்டால்தான் ஈரலில் உள்ள பாதரசத்தின் அளவுக்குப் பொருள் வரும். முப்பது வயது ஓங்கிலில் கிடைக்கும் அளவு ஐந்து வயதுக் குட்டியிலும் கிடைத்தால், அந்தக் கடலைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

நீலத்திமிங்கிலத்துக்குப் பல் கிடையாது. அதன் காதுக்குள் வாழ்நாள் முழுதும் மெழுகு அடுக்கடுக்காகச் சேரும். 2007இல் கலிபோர்னியாவில் கப்பல் மோதி இறந்த ஒரு நீலத்திமிங்கிலத்தின் காது மெழுகுக் கட்டி 25 சென்ரிமீற்றர் நீளம் இருந்தது. அதை அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சோதித்து, அதன் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் பாதரசம் திடீரென்று ஏறியது என்பதுவரை 2013இல் எழுதினார்கள். அம்பலாங்கொடைத் திமிங்கிலத்துக்கும் அப்படி ஒரு மெழுகு இருந்திருக்கும். எலும்பு மட்டும்தான் நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது.

இனி நம் கரையைப் பார்ப்போம். கொழும்பு நகரின் மலசலக் கழிவு கடலுக்குப் போகும் வாய்கள் இரண்டு. வடக்கே ஒன்று, கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரத்தில். தெற்கே மற்றது, வெள்ளவத்தையில். ஒரு கிலோமீற்றருக்கும் மேல் கடலுக்குள் நீளும் குழாய்கள். முகத்துவாரத்தில் களனி கங்கையும் தன் வழியெங்கும் உள்ள தொழிற்சாலைகளின் கழிவோடு வந்து கடலில் விழுகிறது. வெள்ளவத்தையில் வாய்க்கால் வேறு. புகையிரதப் பாலத்தின் கீழ் அது கடலோடு சேருமிடத்தில் மழை விட்ட மறுநாள் நின்று பார்த்தால், கறுப்புத் தண்ணீர் நீலத்துக்குள் நாக்கு மாதிரி நீண்டு, கரையோரமாகவே வளைந்து போவது தெரியும். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் நிறுத்தப்படும்வரை காலி வீதியில் ஓடிய பெற்றோல் வாகனங்களின் புகையிலும் ஈயம் இருந்தது. தெருவில் படிந்த அந்தத் தூசு மழையோடு வாய்க்காலுக்கும் அதன் வழியே கடலுக்கும் போயிற்று. ஒன்று குறைந்தது, இன்னொன்று வந்தது. 2011இலிருந்து மேற்குக் கரையில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் எரிகிறது. நிலக்கரி எங்கே எரிந்தாலும் பாதரசம் கொஞ்சம் காற்றோடு கிளம்பும்.

இதெல்லாம் ஓங்கிலில் எவ்வளவு சேர்ந்தது என்று அறிய உடல்கள் வேண்டும். 1980களில் ஓங்கில் இறைச்சி வெளிப்படையாகவே மீன் துறைகளுக்கு வந்தது. செவுள் வலையில் சிக்கியதும் வரும், குத்திப் பிடித்ததும் வரும். இந்நாட்டுக் கடலில் என்னென்ன டொல்பின் இனங்கள் உண்டு என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டதே பெரும்பாலும் அந்தத் துறைகளில் கிடந்த உடல்களைப் பார்த்துத்தான். 1993இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு இவை பாதுகாக்கப்பட்ட உயிர்களாயின. அது நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் அதற்குப் பிறகு வலையில் தவறிச் செத்த ஓங்கிலையும் கரைக்குக் கொண்டுவர மீனவர் அஞ்சுகிறார்கள். நடுக்கடலிலேயே வெட்டி விட்டுவிடுவார்கள். ஈரலும் சிறுநீரகமும் பல்லும் அதோடு போய்விடுகின்றன. அச்சமில்லாமல் ஒப்படைக்க ஒரு வழி அன்றே வைத்திருந்தால் இன்று நம்மிடம் முப்பது வருடக் கணக்கு இருந்திருக்கும்.

வெளியிலிருந்து ஒருமுறை ஆய்வாளர்கள் வந்தார்கள். திமிங்கிலப் பாடல்களை உலகுக்குக் கேட்கச் செய்த ரொஜர் பேய்னின் ஒடிசி கப்பல் 2000 முதல் 2005 வரை உலகத்தைச் சுற்றி, ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் முதுகிலிருந்து அழிறப்பர் அளவு தோல் துண்டுகளை அம்பால் எடுத்துச் சேர்த்தது. விலங்கு சாகாது; கொஞ்சம் சிலிர்த்து மூழ்கிவிடும். 2003இல் அந்தக் கப்பல் இலங்கைக் கடலுக்கும் வந்தது. 2009இல் வந்த முடிவில், 361 திமிங்கிலங்களின் தோலில் இருந்த குரோமியம் சராசரியாக ஒரு கிராமுக்கு 8.8 மைக்ரோகிராம். குரோமியத் தொழிலில் இல்லாத மனிதரின் தோலில் இருப்பதைப்போல் 28 மடங்கு. மிகக் கூடிய அளவுகள் பசிபிக்கின் கிரிபட்டித் தீவுகளிலும், நமது சமுத்திரத்தில் சீசெல்ஸ் அருகிலும் பதிவாயின. பெரிய ஆலைகள் அதிகம் இல்லாத இடங்கள் இவை. ஆலையை ஒட்டிய கடலில்தான் உலோகம் இருக்கும் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று.

பிறகு 2021 மே 20. கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒன்பதரைக் கடல்மைல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்த சிங்கப்பூர்க் கொடிக் கப்பல் எக்ஸ்பிரஸ் பேர்ளில் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள். அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள், ஈயக் கட்டிகள், இன்னும் எத்தனையோ இரசாயனங்கள். அமிலம் கசிவதைத் தெரிந்துகொண்டே இந்தியாவின் ஹசீராவிலும் கட்டாரின் ஹமாதிலும் அந்தக் கொள்கலனை இறக்கக் கேட்டு, இரண்டு இடத்திலும் மறுக்கப்பட்டு, கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. கொரோனாப் பயணத்தடை நேரம். கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருக்கும் என் பெரியம்மா தொலைபேசியில் புகையைப் பற்றிச் சொல்லிவிட்டு, "இனிக் கொஞ்ச நாளைக்கு மீன் வேண்டாம் பிள்ளை" என்றார். நாடெங்கும் அப்படித்தான். மீன் வாங்க ஆளில்லை. களுத்துறையிலிருந்து நீர்கொழும்புவரை கடலுக்குப் போகவும் தடை.

அடுத்த வாரங்களில் ஆமைகளும் ஓங்கில்களும் கரையொதுங்கின. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் என்பது பின்னர் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்ற கணக்கு. எரிந்த பிளாஸ்ரிக் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், எரியாத மணிகளைவிட அவற்றில் இரசாயனச் சேர்க்கை மிகச் சிக்கலாக இருப்பதைக் கண்டார்கள். உடல்களை வெட்டிச் சோதித்தார்கள், மாதிரி எடுத்தார்கள். வனவிலங்குத் திணைக்களத்தின் மிருக வைத்தியர்கள் அந்த வெயிலிலும் நாற்றத்திலும் செய்த வேலைக்கு நாம் நன்றி சொல்லவே இல்லை.

ஆனால் ஒப்பிட எதை வைத்தார்கள்? தென்மேற்குப் பருவக்காற்றில் வழக்கமாகவே உடல்கள் சில கரைக்கு வரும். ஒரு ஓங்கிலின் சிறுநீரகத்தில் ஈயமோ கட்மியமோ இவ்வளவு என்று ஆய்வுகூடம் சொன்னால், மே 20க்கு முன்பு இதே கடலில், இதே இனத்தில், இதே வயதில் எவ்வளவு இருந்தது என்ற எண் பக்கத்தில் இருக்கவேண்டும். வருடா வருடம் எடுத்து எழுதிய அந்தத் தொடர் நம்மிடம் இல்லை. 2020 நவம்பரில், கப்பல் எரிவதற்கு ஆறே மாதம் முன், பாணந்துறைக் கரைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் வந்தன. கடற்படையினரும் ஊர் மக்களும் இரவிரவாகத் தள்ளிப் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினார்கள். செத்தவை சில. கணவாய் தின்னும் அந்தப் பெரிய உடல்களின் ஈரல்தான் கொழும்புக் கடலின் கடைசிச் சுத்தமான சாட்சி. பரோ தீவுகளில் பைலட் திமிங்கிலங்களின் பாதரசத்தைப் பல பத்தாண்டுகள் அளந்து, 2008இல் அங்கத்தைய தலைமை மருத்துவர்களே இந்த இறைச்சியை இனி மனிதர் உண்ண வேண்டாம் என்று சொன்னார்கள். நூற்றாண்டு நூற்றாண்டாக அதைத் தின்ற மக்களிடம் அதைச் சொல்லும் துணிவு அந்த அளவீடுகளிலிருந்துதான் வந்தது.

2025 சூலை 24 அன்று உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டொலர் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பணம் வருமா, எப்போது வரும் என்ற இழுபறி வேறு. வரும் பணத்தில் மீனவருக்குச் சேரவேண்டியது முதலில் சேரட்டும். அதற்கு அடுத்ததாக நான் கேட்பது மிகச் சிறியது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மட்டக்குளி காக்கைத்தீவில், தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனமான நாரா இருக்கிறது. களனி கங்கை கடலில் விழுவது அங்கிருந்து நடைதூரம். அங்கே ஆழ்குளிரில் ஒரு மாதிரிச் சேமிப்பகம். கரையொதுங்கும் ஒவ்வொரு உடலிலிருந்தும் ஈரல், சிறுநீரகம், தோல், ஒரு பல், பெருந்திமிங்கிலமானால் காது மெழுகு. எடுத்த இடம், நாள், நீளம், பால் எழுதிய சீட்டு. வலையில் செத்த ஓங்கிலைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் மீனவருக்கு வழக்கு இல்லை என்ற எழுத்துமூல உறுதி. ஈயம், பாதரசம், கட்மியம், குரோமியம் நான்கையும் வருடா வருடம் அளந்து, மூன்று மொழியிலும் வெளியிடும் ஒரு அறிக்கை. முதல் அறிக்கையில் எண்களை வைத்து எதுவும் நிறுவ முடியாது. பத்தாவதில் முடியும்.