நீல பம்ப் எங்கே?

நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த மருந்து உரிய நேரத்தில் கைக்கு வந்து சேர வேண்டுமே! அதற்கான முயற்சி நம்முடையது. இதை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஓர் இரவில் கற்றுக்கொண்டேன்.

எனது உம்மும்மாவுக்கு நீண்ட காலமாக முட்டு வருத்தம். சென்ற வருடம் மழைக்கால இரவொன்றில் பன்னிரண்டு மணியளவில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. நீல நிற பம்பை எடுத்து அழுத்தினோம். காற்று மட்டுமே வந்தது, மருந்து முடிந்திருந்தது. மேசையில் கபில நிற பம்ப் ஒன்று இருந்தது. “இதுவும் பம்ப்தானே” என்று உம்மா அதைக் கொடுத்தார். வாப்பா ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாமசி தேடிப் போனார். முதலாவது மூடியிருந்தது. இரண்டாவதில் ஒருவர் கதவைத் திறந்து, “என்ன மருந்து?” என்று கேட்டார். “நீலக் கலர் பம்ப்” என்பதற்கு மேல் வாப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மருந்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. இப்படியே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. இறுதியில் பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் 1990ஐ அழைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், உம்மும்மா பிழைத்தார். ஆனால், “இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே” என்று வைத்தியர் சொன்னது என் மனதை விட்டு நீங்கவில்லை.

அன்று நாங்கள் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலாவது, எந்த மருந்து என்ன வேலை செய்கிறது என்று அறியாதிருந்தோம். நீல பம்பில் உள்ள சல்பியூட்டமோல், சுவாசக் குழாயைச் சுற்றி இறுகிப்போன தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்தும். கபில பம்பில் இருந்தது பெக்லோமெத்தசோன். அது குழாயின் உட்புற வீக்கத்தை நாட்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பது. தினமும் எடுக்க வேண்டிய மருந்துதான். ஆனால் மூச்சுத் திணறும் நேரத்தில் உடனே உதவாது. கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறலாம். ஆகவே நிறத்தை நம்பாமல் பெயரை வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, மருந்தின் பெயர் தெரியாதிருந்தோம். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் வரும். வென்டோலின், அஸ்தலின் இரண்டிலும் இருப்பது சல்பியூட்டமோலே. மருந்தின் உண்மைப் பெயர் தெரிந்தால், ஒரு கம்பனியின் மருந்து இல்லாதபோது இன்னொன்றைக் கேட்கலாம். மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரிலேயே வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று வாதாடியவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. அவருடைய கொள்கையின் பயனாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. டொலர் இல்லாமல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்த 2022இல், பொதுப் பெயரை அறிந்திருந்தவர்களுக்கு மருந்து தேடுவது சற்று இலகுவாக இருந்திருக்கும்.

மூன்றாவது, கணக்கு வைக்கவில்லை. இந்த பம்ப் ஒன்றில் பொதுவாக 200 தடவைக்கான மருந்து இருக்கும். மருந்து தீர்ந்த பின்னரும் வாயு வரும் என்பதால் அழுத்திப் பார்த்து அறிய முடியாது. திறந்த திகதியை அதன்மேல் எழுதி, முடியுமுன்னே அடுத்ததை வாங்கி வைக்க வேண்டும்.

நான்காவதே பெரிய பிழை. மருந்தைத் தேடி ஓடினோம், உதவியை அழைக்கவில்லை. 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. மூச்சுத் திணறும்போது நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, நீல பம்பை ஸ்பேசரில் பொருத்தி ஒரு தடவை அழுத்தி நான்கு மூச்சு எடுக்கச் செய்ய வேண்டும். இவ்வாறு நான்கு தடவை. நான்கு நிமிடத்தில் குறையாவிட்டால் 1990ஐ அழைத்துவிட்டு, உதவி வரும்வரை அதையே தொடர வேண்டும். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பம்ப் கையில் இல்லாவிட்டாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

அவசரத்தில் அயலவரின் மருந்தை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்தானது. காய்ச்சலுக்கு ஒருவர் தரும் அஸ்பிரின், அது டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

இன்சுலின் எடுப்பவர்கள் உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. 2022இல் போல் மணிக்கணக்காக மின்சாரம் நின்றால், போத்தலை நனையாதபடி பையில் இட்டு, ஈர மணலோ நீரோ சூழ்ந்த மண்பானையில் வைத்துச் சூட்டிலிருந்து காக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டுக் கதவின் பின்னால் ஒரு பை தொங்குகிறது. கிளினிக் கொப்பி, மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள், ஒவ்வாத மருந்துகளின் விபரம், மேலதிக நீல பம்ப், ஸ்பேசர் எல்லாம் அதில் உண்டு. மருந்துத் துண்டின் படம் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பையைப் பார்ப்பது என் பொறுப்பு. “என்ட உசிர்ப் பை” என்று உம்மும்மா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் போய், அவர்கள் குடிக்கும் மருந்தின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். “அந்த வெள்ளைக் குளிசை” என்று பதில் வந்தால், இன்றே ஒரு தாளையும் பேனையையும் எடுங்கள்.