டிஸ்க்கை நகலெடுக்கும் முன்

சர்வரின் டிஸ்க்கை மாற்ற வேண்டிய நிலை வந்ததும் பலரும் முதலில் மென்பொருளைத் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பழைய டிஸ்க்கின் நிலையை. மாற்றப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாத செக்டார்கள் எத்தனை என்பதை டிஸ்க்கே தன் ‘ஸ்மார்ட்’ பதிவில் குறித்து வைத்திருக்கும். அந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால் அதற்கு ஆயுள் அதிகமில்லை.

அப்படிப்பட்ட டிஸ்க்கில் யூனிக்ஸின் பழைய ‘டிடி’ கட்டளை உதவாது. படிப்பதில் பிழை வந்தால் நின்றுவிடும். அங்கே தேவை ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’. பழுதான இடத்தோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துவிடும். பிறகுதான் திரும்பி வந்து, பழுதின் ஓரங்களிலிருந்து தொடங்கி ஒவ்வொரு செக்டாராக முயலும். சாகப்போகும் டிஸ்க்கில் இந்த வரிசைதான் உயிர்நாடி. நடந்ததையெல்லாம் ‘மேப்ஃபைல்’ என்ற சிறு கோப்பில் எழுதி வைக்கும்: ‘+’ என்றால் கிடைத்தது, ‘-’ என்றால் படிக்க முடியவில்லை, ‘?’ என்றால் இன்னும் தொடவில்லை. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே மேப்ஃபைல் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது.

டிஸ்க் நன்றாக இருந்தால் கணக்கு வேறு. 4 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் முழுவதும் படிக்க ஏறக்குறைய ஏழரை மணி நேரம் ஆகும். அதில் 300 ஜிகாபைட்தான் தரவு என்றால் மீதியைப் படிப்பது வீண். தைவானில் உருவான ‘குளோன்ஸில்லா’ தரவு உள்ள இடங்களை மட்டும் எடுப்பதால் அதே வேகத்தில் அரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். சர்வரை நிறுத்தி, யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து எடுங்கள். ஓடும் டேட்டாபேஸை நகலெடுத்தால் பாதி எழுதிய பதிவுகள்தான் மிஞ்சும்.

பழைய சர்வரும் நகலும் சேர்ந்தே ஓடப் போகின்றன என்றால் எஸ்எஸ்எச் சாவிகளையும் மெஷின் ஐடியையும் நகலில் மாற்றியாக வேண்டும்.

பல வருடம் பலர் கைவைத்த சர்வரை நகலெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. யாரோ எப்போதோ செய்த திருத்தங்களும் கூடவே வந்துவிடும். புதிதாக இன்ஸ்டால் செய்து, அமைப்புகளை ‘ஆன்சிபிள்’ போன்ற கருவியில் எழுதி வைத்து, தரவை மட்டும் ‘ஆர்சிங்க்’ மூலம் கொண்டுவருவதே நல்லது. முதல் முறை நாள் பிடிக்கும். அடுத்த முறை அந்தக் கோப்புகளே பெரும்பாலான வேலையை முடித்துவிடும்.

எந்த வழியில் போனாலும், புதிய டிஸ்க்கில் சர்வர் ரீபூட் ஆகி, பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்கும் வரை பழைய டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள்.